நோய்க்காலத்தில் வீட்டுச் சேமிப்பு

அறுவடை முடிந்ததும் ஓர் ஆண்டிற்கு வேண்டிய நெல்லைக் குதிரிலும் பத்தாயத்திலும் இட்டு வைப்பது நம் உழவர் குடும்பங்களின் பழைய வழக்கம். துவரையைச் செம்மண் பூசி உலர்த்தி வைத்தனர். புளியையும் மிளகாயையும் கோடை வெயிலில் காயவைத்துப் பானையில் அடைத்தனர். மாங்காய், சுண்டைக்காய், கொத்தவரைக்காய் ஆகியவற்றை வற்றலாக்கினர். இன்று அந்நிலை பெரிதும் மாறிவிட்டது. நெல் களத்திலிருந்து நேரே கொள்முதல் நிலையத்திற்குச் செல்கிறது. அரிசி நியாயவிலைக் கடையிலிருந்து வருகிறது. பருப்பும் எண்ணெயும் சிறு பொட்டலங்களாக அவ்வப்போது வாங்கப்படுகின்றன. சாலையும் கடையும் திறந்திருக்கும் வரையில் இதில் குறையொன்றும் தோன்றுவதில்லை. அவை அடைபடும் நாளில்தான் வீட்டில் என்ன இருக்கிறது என்னும் கேள்வி எழுகிறது.

அத்தகைய நாளை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். 2020 மார்ச்சு 11 ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. மார்ச்சு 24 மாலை தமிழ்நாட்டில் தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. மறுநாள் முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு தொடங்கியது. ஏப்ரல் 14 இல் முடிய வேண்டிய ஊரடங்கு மே 3 வரையிலும், பின்னர் மே 17 வரையிலும், அதன்பின் மே 31 வரையிலும் நீண்டது.

இத்தகைய துன்பம் நம் நாட்டிற்குப் புதிதன்று. 1918 இல் பம்பாய்த் துறைமுகத்தின் வழியே நுழைந்த இன்புளூயன்சா காய்ச்சல் நம் நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அவ்வாண்டில் பருவமழையும் பொய்த்து, தானிய விலையும் ஏறியது. நோயும் உணவுத் தட்டுப்பாடும் சேர்ந்து வரக்கூடும் என்பதற்கு அதுவே சான்று. ஆகவே, அடுத்த கொள்ளைநோய் வருமுன் ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு ஊராட்சியும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். அதற்கான வழிவகைகளை இக்கட்டுரையில் காண்போம்.

சேமிப்பு வேறு, பதுக்கல் வேறு

2020 ஏப்ரல் 24 அன்று, சென்னை, கோயம்புத்தூர், மதுரை ஆகிய மாநகரங்களில் 26 ஆம் நாள் முதல் நான்கு நாள்கள் முழு ஊரடங்கு என்று அறிவிக்கப்பட்டது. மறுநாள் கடைகளிலும் சந்தைகளிலும் மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். சில நாள்களில் சென்னைக் கோயம்பேடு சந்தை நோய் பரவும் இடமாக வெளிப்பட்டது. மே 5 ஆம் நாள் சந்தை மூடப்பட்டது. அங்கு வேலை செய்து ஊர் திரும்பிய தொழிலாளர் பலருக்கு அரியலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் நோய் கண்டது. அந்த ஒருநாள் கூட்டமே இதற்கெல்லாம் காரணம் என்று கூறுதல் பொருந்தாது. ஆயினும், நோய்க்கு அஞ்சிப் பொருள் சேர்க்க ஓடிய கூட்டமே நோய் பரவ வாய்ப்பளித்தது என்பதை மறுக்கவியலாது.

அக்கோடையில், நான் பணியாற்றிய ஒன்றியத்தின் ஓர் ஊரில் கண்ட செய்தி ஒன்றை இங்குக் கூறுதல் தகும். ஒரு வீட்டார் அச்சத்தால் இரண்டு மூட்டைத் துவரம் பருப்பை ஒரே நாளில் வாங்கி அடுக்கிவிட்டனர். அதே தெருவில் நான்கு வீடுகள் தள்ளி, புதிதாக மணமான இளந்தம்பதியர் இருந்தனர். கணவன் மூட்டை தூக்கும் கூலித் தொழிலாளி. அவர்கள் பெயருக்குக் குடும்ப அட்டை இன்னும் பிரித்துத் தரப்படவில்லை. வேலை நின்ற மூன்றாம் நாள் அவ்வீட்டில் அரிசி தீர்ந்தது. கேட்கக் கூசி, இரண்டு வேளை பட்டினி இருந்த பிறகே செய்தி எங்களுக்கு எட்டியது. பருப்பு மூட்டைகளோ ஆடி பிறப்பதற்குள் வண்டு துளைத்து மாட்டுத் தீவனமாயின. ஒரே தெருவில் இவ்விரண்டு வீடுகளும் இருந்ததை அலுவலர்களாகிய நாங்கள் முன்கூட்டிக் கணக்கெடுத்து வைக்கவில்லை. அக்குறை எங்களுடையதே.

இதிலிருந்து நாம் அறியவேண்டுவது யாது? அமைதியான காலத்தில், தன் தேவையை அளந்து, சிறிது சிறிதாகச் சேர்ப்பது சேமிப்பு. அச்சம் வந்தபின் அளவின்றி அள்ளுவது பதுக்கல். முன்னது ஊருக்கு நன்மை. சேமிப்புள்ள வீட்டார் நெருக்கடி நாளில் கடைக்குச் செல்லவேண்டியதில்லை. கடையில் உள்ள சரக்கு அன்றாடம் வாங்கி உண்பவருக்குக் கிடைக்கும். பின்னதால் வாங்கியவருக்கும் பயனில்லை, அயலாருக்கும் பயனில்லை.

எவ்வளவு வேண்டும்?

பதினைந்து நாளைக்கு வேண்டிய பொருள் வீட்டில் இருந்தால் போதும் என்பது என் கருத்து. கோவிட் பரவிய தொடக்கக் காலத்தில், நோயாளியுடன் பழகியவர்கள் 14 நாள்கள் வீட்டிலேயே தனித்திருக்குமாறு கூறப்பட்டது. நியாயவிலைக் கடைப் பொருள்களோ மாதம் ஒருமுறை கிடைப்பன. ஆதலின் இவ்விரண்டையும் கருதினால் பதினைந்து நாள் இருப்பு தக்க அளவாகும்.

பெரியவர் மூவரும் பள்ளிச் சிறுவர் இருவரும் உள்ள குடும்பம் ஒன்றைக் கொள்வோம். அதற்குப் பதினைந்து நாளைக்கு வேண்டுவன பின்வருமாறு:

அரிசி: நாளொன்றுக்கு 1¾ கிலோ வீதம், ஏறக்குறைய 26 கிலோ. இதில் ஒரு பகுதி கேழ்வரகாகவோ கம்பாகவோ இருத்தல் நலம்.
பருப்பும் பயறும்: நாளொன்றுக்கு 250 கிராம் வீதம், 3¾ கிலோ.
சமையல் எண்ணெய்: நாளொன்றுக்கு 100 கிராம் வீதம், 1½ கிலோ.
உப்பு 1 கிலோ. புளி, மிளகாய் வகைக்கு ½ கிலோ.
குளிக்கவும் கை கழுவவும் துணி துவைக்கவும் சோப்பு. விளக்கு, தீப்பெட்டி, உலர்ந்த விறகு அல்லது எரிவாயு.

கறவை மாடு உள்ள வீட்டார் அதன் தீவனத்தையும் இக்கணக்கில் சேர்த்தல் வேண்டும். பசுந்தீவனம் கிட்டாத நாளில் ஒரு மாட்டிற்கு நாளொன்றுக்கு 6 கிலோ வைக்கோல் என்று கொண்டாலும், பதினைந்து நாளைக்கு 90 கிலோ ஆகிறது.

கூலி வேலை செய்யும் குடும்பம் இவ்வளவையும் எவ்வாறு சேர்ப்பது என்று கேட்கலாம். கடன் வாங்கிச் சேர்க்க வேண்டா. வட்டிக்கு வாங்கிய அரிசி நோயினும் கொடிது. அதற்கு நம் தாய்மார்கள் அறிந்த பிடியரிசி முறையே போதும். உலையில் இடுமுன் வேளைக்கு ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலத்தில் இடுக. ஒரு பிடி 50 கிராம் என்று கொண்டால், இருவேளைச் சமையலில் நாளொன்றுக்கு 100 கிராம் சேரும். மாதத்திற்கு 3 கிலோ. ஒன்பது மாதத்தில் 27 கிலோ. மேற்கூறிய பதினைந்து நாள் அரிசி இதிலேயே அடங்கிவிடுகிறது.

வீட்டின் பின்புறம் ஒரு முருங்கை மரமும், குளிக்கும் நீர் பாயுமிடத்தில் ஒரு கீரைப் பாத்தியும் வேண்டும். சிறுகீரையும் அரைக்கீரையும் விதைத்து ஏறக்குறைய 25 நாள்களில் பறிப்புக்கு வரும். 2020 இல் ஊரடங்கு தொடங்கிய நாளில் விதைத்தவர்கள் ஊரடங்கு முடியுமுன்னரே கீரை உண்டனர்.

கெடாமல் வைக்கும் முறை

சேர்ப்பதைக் காட்டிலும் காப்பது அரிது. ஈரமும் வண்டும் எலியுமே தானியத்தின் பகைவர். நெல்லின் ஈரப்பதம் 12 முதல் 13 விழுக்காட்டிற்குள் இருக்குமாறு உலர்த்துதல் வேண்டும். பல்லால் கடித்தால் ஓசையுடன் முறிவதே காய்ச்சலுக்கு அடையாளம் என்பதை உழவர் அறிவர். வெயிலில் காய்ந்த தானியத்தைச் சூடு ஆறிய பின்னரே கலத்தில் இடுக. சூட்டோடு அடைத்தால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். மூட்டைகளைத் தரையில் வையாது மரப்பலகையின்மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குக. காய்ந்த வேப்பிலை, நொச்சியிலை ஆகியவற்றை இடையிடையே இடுவது நம் பழைய முறையாகும். மாதம் ஒருமுறை திறந்து பார்த்து, வண்டு தென்பட்டால் உடனே சலித்து வெயிலில் உலர்த்துக.

முதலில் வாங்கியதை முதலில் உண்பது முக்கியமான விதியாகும். புதிய அரிசியைப் பழைய அரிசியின்மேல் கொட்டலாகாது. புதியது வந்ததும் பழையதைச் சமையலுக்கு எடுத்துவிட்டுப் புதியதை இருப்பில் வைக்க வேண்டும். இவ்வாறு செய்தால் இருப்பு எப்போதும் குறையாது, எதுவும் கெடாது.

எச்சரிக்கை ஒன்று உண்டு. நெல் மூட்டைக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை மக்கள் குடியிருக்கும் வீட்டினுள் ஒருபோதும் வைத்தல் கூடாது. காற்றிலுள்ள ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்னும் நச்சு வாயு எழும். அதற்கு மாற்று மருந்து இல்லை. உறங்குவோர் உறக்கத்திலேயே உயிரிழக்க நேரும்.

நீரும் மருந்தும்

பொதுக் குழாயில் கூட்டம் சேராதிருக்க இரண்டு நாளைக்கு வேண்டிய நீரைப் பிடித்து வைத்தல் நன்று. ஆனால் தேங்கிய நன்னீரில்தான் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு முட்டையிடுகிறது. ஆதலின் நீர்க்கலங்களை இறுக மூடிவைத்து, வாரம் ஒருமுறை நீரை முழுவதும் வடித்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். குடிநீரைக் கொதிக்கவைத்து ஆற்றிப் பருகுக. மேனிலைத் தொட்டியில் 1,000 லிட்டர் நீருக்குத் தரமான சலவைத்தூள் 2½ கிராம் வீதம் கலந்து, ஒரு மணி நேரம் கழித்து நீரை விடுதல் வேண்டும். ஈரத்திலும் வெளிச்சத்திலும் கிடந்த சலவைத்தூள் வீரியம் இழந்துவிடும் என்பதை ஊராட்சியார் நினைவில் கொள்க.

நீரிழிவு, இரத்தக் கொதிப்பு முதலியவற்றிற்கு நாள்தோறும் மருந்து உண்போர் ஒரு மாத மருந்தைக் கைவசம் வைத்திருத்தல் இன்றியமையாதது. 2021 ஆகஸ்டு 5 ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இம்மருந்துகளை வீட்டு வாயிலிலேயே கிடைக்கச் செய்தது. இவற்றோடு, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், வயிற்றுப்போக்கிற்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், வெப்பமானி ஆகியவையும் இருக்கட்டும். சாராயச் சத்துள்ள கை கழுவும் திரவம் எளிதில் தீப்பற்றும். அதனை அடுப்பங்கரையில் வைத்தலாகாது.

வீட்டில் ஒருவர் நோயுற்றால்

கோவிட் போன்ற நோய்கள் பெரும்பாலும் மூச்சுக்காற்றின் வழியே பரவுகின்றன. ஆதலின் நோயாளிக்குக் காற்றோட்டமுள்ள இடமே முதல் மருந்து எனலாம். தனி அறை உள்ள வீட்டில் சன்னலைத் திறந்து அங்கே இருக்கச் செய்க. ஒற்றை அறை வீட்டில் திண்ணையையோ முற்றத்துப் பந்தலையோ ஒதுக்கலாம். பணிவிடை செய்பவர் ஒருவராகவே இருத்தல் வேண்டும். அவரும் நோயாளியும் முகக்கவசம் அணிதல் வேண்டும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, தெளிவற்ற பேச்சு ஆகியவை தோன்றினாலும், விரலில் பொருத்திப் பார்க்கும் கருவியில் உயிர்வளி அளவு 94 விழுக்காட்டிற்குக் கீழ் இறங்கினாலும், வீட்டு மருத்துவத்தில் காலம் போக்காது 108 ஊர்தியை உடனே அழைத்தல் வேண்டும்.

ஊராட்சியின் கடமை

எவ்வளவு எடுத்துரைப்பினும், சேமிக்க இயலாத வீடுகள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கும். அவ்வீடுகளுக்கு ஊராட்சியே குதிராக அமைதல் வேண்டும். ஒவ்வொரு வார்டு உறுப்பினரும் ஒரு குறிப்பேட்டில் ஐந்து வகை வீடுகளை இப்போதே எழுதி வைக்கலாம்: தனித்து வாழும் முதியோர், அன்றாடக் கூலியை மட்டும் நம்பியோர், குடும்ப அட்டை இல்லாதோரும், செங்கற்சூளை முதலிய வேலைகளுக்கு வெளியூரிலிருந்து வந்தோரும், கருவுற்ற தாய்மாரும் கைக்குழந்தை உடையோரும், நாள்தோறும் மருந்து உண்போர். ஆண்டுக்கு இருமுறை இக்கணக்கைத் திருத்துதல் வேண்டும். அட்டை இல்லாத வீட்டிற்கு அமைதியான காலத்திலேயே விண்ணப்பம் எழுதிக் கொடுத்தல், நோய்க்காலத்தில் பத்து மூட்டை அரிசி வழங்குவதினும் பெரிய உதவியாகும்.

2020 ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்களுக்கு அரசு 1,000 ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் வழங்கியபோது, நாளும் நேரமும் குறித்த டோக்கன்கள் தரப்பட்டன. தெருவாரியாக நேரம் ஒதுக்கும் அம்முறை குழாயடிக்கும் சந்தைக்கும் ஏற்றதே. மகளிர் சுய உதவிக் குழுக்கள் அந்நாள்களில் முகக்கவசம் தைத்துக் கொடுத்தன. அவர்களைக் கொண்டே ஊர்ப் பிடியரிசிக் கலம் ஒன்றை நடத்தலாம். ஒற்றை அறை வீட்டு நோயாளிகள் தங்குவதற்குப் பள்ளிக்கூடமோ சமுதாயக் கூடமோ எதுவென்று முன்னரே முடிவு செய்து, அங்கே நீரும் கழிப்பிடமும் செம்மையாக உள்ளனவா என்று பார்த்து வைத்தல் நலம்.

மன்றக் கூட்டத்தில் ஆய்ந்து பேசுதற்குரியவை

1. நம் ஊரில் இன்றே சாலை அடைபட்டால், மூன்றாம் நாள் அடுப்பெரியாத வீடுகள் எத்தனை? அவை யாவை?
2. குடும்ப அட்டை இல்லாதவர் எத்தனை பேர்? அவர்களுள் எத்தனை பேருக்கு விண்ணப்பம் எழுதப்பட்டுள்ளது?
3. மேனிலைத் தொட்டிக்குரிய சலவைத்தூள் எங்கே, எவ்வாறு வைக்கப்பட்டுள்ளது?
4. நோயாளிகள் தங்குவதற்கு எவ்விடம் ஒதுக்கப்பட்டுள்ளது? அதன் சாவி யாரிடம் இருக்கிறது?

இந்நான்கு வினாக்களுக்கும் விடை கூறக்கூடிய ஊராட்சி, அடுத்த நோய்க்காலத்தை அச்சமின்றி எதிர்கொள்ளும். விடை தெரியாத ஊராட்சிகள் இம்மாதக் கூட்டத்திலேயே அப்பணியைத் தொடங்குதல் வேண்டும்.