தனி அடுக்களை, பொதுப் பந்தி

சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்து நூலக அறையில் ஆறு குடும்பத்தார் கூடிப் பேசியது சிலருக்கு நினைவிருக்கலாம். பிள்ளைகள் வெளியூர், வெளிநாடு என்று போய்விட்டார்கள். ஓய்வு பெற்ற நாம் ஆளுக்கொரு மூலையில் கிடப்பதைவிட, கல்யாண் பக்கம் ஓர் இடம் வாங்கி அடுத்தடுத்து வீடு கட்டிக்கொண்டால் என்ன என்று தொடங்கிய பேச்சு அது. வரைபடத்தை நானே போட்டேன். நான்காவது கூட்டத்தில் எல்லாம் முறிந்துபோயிற்று. காரணம் பணமல்ல, சமையல். எல்லோருக்கும் ஒரே அடுக்களை என்றார் ஒருவர். ஒரு வீட்டில் வெங்காயம், பூண்டு சேராது. இன்னொரு வீட்டில் மீன் இல்லாமல் சோறு இறங்காது. "நாற்பது வருஷம் சமைச்சது போதாதா? இனிமே ஆறு வீட்டுக்கும் நான்தான் சமைக்கணுமா?" என்று ஓர் அம்மையார் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பினேன்.

அடுத்த மழைக்காலத்தில் என் மனைவி ஊருக்குப் போயிருந்தபோது எனக்குக் கடுமையான காய்ச்சல். மூன்று நாள் படுக்கையில் கிடந்தேன். எதிர் வீட்டாருக்குத் தெரியாது. வாசலில் பால் பாக்கெட் எடுக்காமல் கிடப்பதைப் பார்த்துப் பால் போடும் பையன்தான் மணி அடித்தான். எதிர் வீட்டார் நல்லவர்கள்தான். ஆனால் கட்டடத்தின் அமைப்பு அப்படி: லிஃப்டிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் கதவு, உள்ளே போனால் தாழ்ப்பாள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் நாங்கள் இருந்த சாலில் பொதுத் தாழ்வாரம் இருந்தது. யாராவது இருமினால் பத்து வீட்டுக்குக் கேட்கும். அங்கே சாத்திக்கொள்ள வழியில்லை. இங்கே திறந்து வைக்க வழியில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒன்று கிடையாதா என்ற கேள்வி மனத்தில் தங்கிவிட்டது.

பிறகு கலிஃபோர்னியாவில் இருக்கும் மகளிடம் சில மாதங்கள் தங்கியபோது, அங்குள்ள நண்பர் ஒருவர் மூலமாக அப்படிப்பட்ட இரண்டு குடியிருப்புகளைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. இவற்றைக் 'கோ-ஹவுசிங்' என்கிறார்கள். நாம் கூட்டுக் குடியிருப்பு எனலாம்.

இதன் தொடக்கம் டென்மார்க்கில். யான் குட்மண்ட் ஹோயர் என்ற கட்டடக் கலைஞர் 1964-இல் நண்பர்களோடு கூடிப் பேசி, கோபன்ஹேகன் நகருக்கு வெளியே நிலமும் வாங்கினார். அக்கம்பக்கத்தார் எதிர்ப்பால் அதைக் கைவிட நேர்ந்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. 1968-இல் தம் எண்ணத்தைப் பத்திரிகையில் எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டு போடில் கிரே என்ற பெண்மணி, ஒரு குழந்தைக்கு நூறு பெற்றோர் வேண்டும் என்று எழுதியிருந்தார். இரு கட்டுரைகளையும் படித்தவர்கள் ஒன்று சேர்ந்தார்கள். 1972-இல் 27 வீடுகளோடு முதல் குடியிருப்பும், 1973-இல் 33 வீடுகளோடு அடுத்ததும் எழுந்தன. முதல் முயற்சி முறிந்தது நமக்கு மட்டுமல்ல என்று அறிந்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

அமெரிக்காவுக்கு இதைக் கொண்டுபோனவர்கள் கேத்ரின் மெக்கமன்ட், சார்லஸ் டூரெட் என்ற கட்டடக் கலைஞர் தம்பதி. டென்மார்க்கில் கண்டதை 1988-இல் புத்தகமாக வெளியிட்டார்கள். 1991-இல் டேவிஸ் என்ற ஊரில் 26 வீடுகளோடு அந்நாட்டின் முதல் குடியிருப்பு வந்தது. நான் பார்த்தவை இரண்டும் நகருக்குள்ளேயே இருப்பவை. ஒன்று எமரிவில் நகரில் பழைய தொழிற்கூடக் கட்டடத்தில் 1992-இல் அமைந்த 12 வீடுகள். மற்றது ஓக்லண்ட் நகரின் நடுவே, 1917-இல் கட்டத் தொடங்கிய ஸ்வான்ஸ் மார்க்கெட் என்ற பழைய சந்தைக் கட்டடத்தில் 2000-இல் அமைந்த 20 வீடுகள். ரயில் நிலையம் நடக்கும் தூரம். சந்தையின் கூரையை ஒரு பகுதியில் எடுத்துவிட்டு, அதைத் தாங்கிய இரும்புச் சட்டங்களை மட்டும் அப்படியே விட்டு, அவற்றின் கீழே நடைபாதை அமைத்திருக்கிறார்கள். பணிமனைக் கூரைகளோடு வாழ்நாளைக் கழித்த எனக்கு அங்கிருந்து கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

நான் கற்றுக்கொண்டவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

பாடம் 1: ஒவ்வொரு வீட்டுக்கும் முழு அடுக்களை உண்டு. நாம் தவறியது இங்கேதான். பொது அடுக்களையும் பந்திக்கூடமும் அதற்கு மேல் கூடுதலாக உள்ளவை. வாரத்தில் சில நாள் மட்டுமே பொது உணவு. என்ன சமையல் என்று முன்கூட்டியே பலகையில் எழுதிவிடுவார்கள். விரும்பியவர் பெயர் எழுதலாம், விரும்பாதவர் தம் வீட்டில் உண்ணலாம். யாரும் காரணம் கேட்பதில்லை.

பாடம் 2: வேலை முறை போட்டு வரும். ரயில்வேயில் டூட்டி ரோஸ்டர் இருப்பது போலத்தான். சமையலுக்கு ஒரு குழு, பாத்திரம் கழுவ ஒரு குழு. ஆண்களுக்கு விலக்கு இல்லை. ஒரு கணக்குப் பாருங்கள். 20 வீடுகளில் 30 பெரியவர்கள் என்றால், வேளைக்கு மூன்று பேர், வாரம் இரண்டு வேளை என்று வைத்தால், ஒருவருக்குச் சமையல் முறை ஐந்து வாரத்துக்கு ஒருதரம்தான் வரும். மற்ற நாளெல்லாம் உட்கார்ந்து சாப்பிடலாம். அந்த அம்மையாருக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான். ஆறு வீடும் பன்னிரண்டு பேரும் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருதரம் வந்துவிடும். ஆகவே ஆறு வீடு போதாது.

பாடம் 3: வாசல்கள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். வண்டிகள் ஓரத்தில் நிற்கும், மனிதர்கள் நடுவில் நடப்பார்கள். அடுக்களைச் சன்னல் நடைபாதையைப் பார்த்திருக்கும். பொதுக்கூடம் போகும் வழியில் இருக்கும். ஒருவரை இரண்டு நாள் காணோமென்றால் தானாகவே தெரிந்துவிடும். நான் போட்ட வரைபடத்திலோ ஆறு வீட்டுக்கும் ஆறு மதிற்சுவர்!

பாடம் 4: வீடு சிறிது, பொது இடம் பெரிது. சலவை இயந்திரம், தச்சுக் கருவிகள், விருந்தினர் அறை எல்லாம் பொது. ஆண்டுக்கு மூன்று வாரம் வந்து தங்கும் பிள்ளைகளுக்காக ஓர் அறையை ஆண்டு முழுதும் பூட்டி வைத்திருக்கிறோமே, அதை நினைத்துப் பார்த்தேன்.

பாடம் 5: சொத்து தனி. வீடு அவரவர் பெயரில். விற்கலாம், வாரிசுக்கு விடலாம். பொதுச் செலவுக்கு மாதச் சந்தா உண்டு. நம் ஹவுசிங் சொசைட்டி முறைக்கு இது புதிதல்ல. அங்கே கூடுதலாக இருப்பது, கட்டுவதற்கு முன்பே கூடிப் பேசி எல்லோரும் ஒப்பும்வரை பேசும் பழக்கம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இந்தக் கூட்டங்கள் பொறுமையைச் சோதிக்கும். நகருக்குள் இருப்பதால் விலையும் அதிகம். கடும் நோய் வந்தால் பக்கத்து வீட்டார் கஞ்சி கொண்டுவரலாம், மருத்துவமனைக்கு அழைத்துப் போகலாம், ஆனால் முழுநேரச் செவிலியராக முடியாது. அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். கட்டடம் மட்டும் உறவை உண்டாக்கிவிடாது என்பதும் உண்மை. சேர்ந்து வெங்காயம் நறுக்கியவர்கள்தான் அங்கே உரிமையோடு ஒருவர் கதவை மற்றவர் தட்டுகிறார்கள்.

நாம் சுவரிலிருந்து தொடங்கினோம். அவர்கள் முறைப்பட்டியலிலிருந்து தொடங்கினார்கள். ஆகவே நிலம் தேடும் முன் ஒரு சோதனை ஓட்டம் செய்து பார்க்கலாம் என்பது என் வேண்டுகோள். ஆறு மாதத்துக்கு, மாதத்தின் முதல் ஞாயிறு சங்கக் கூடத்தில் பொதுப் பந்தி. சைவம் தனிப் பாத்திரத்தில். சமையலுக்கும் கழுவுவதற்கும் முறைப்பட்டியல், ஆண்கள் பெயரோடு. ஆறு மாதமும் அது நடந்தால் நிலத்தைப் பற்றிப் பேசுவோம். நடக்காவிட்டால் நிலத்துக்குக் கொடுக்கும் பணமாவது மிஞ்சும்.

பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. எனக்கு ரசம் வைக்கவும் அப்பளம் சுடவும் மட்டுமே தெரியும். மற்றதைத் தெரிந்தவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.