கடிக்கும் நாயும் வளர்ப்போர் கடமையும்

இத்திங்கள் நாம் ஆராயப் புகும் பொருள், வீட்டில் வளரும் நாய் மனிதர்மீது பாய்வதைப் பற்றியது. இது சிறு பொருளன்றோ எனச் சிலர் எண்ணலாம். சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் வாழும் நம்மவர்க்கு இது சிறு பொருளன்று. இரவு வேலை முடித்து வரும் தொழிலாளி, குழாயடிக்குக் குடம் எடுத்துச் செல்லும் பெண், தபால்காரர், பள்ளிப் பிள்ளை ஆகிய அனைவரும் அந்த ஒரு வாயிலைக் கடந்தே ஆகவேண்டும். ஒரு வீட்டு நாய் ஒரு தெருவையே அஞ்சி நடக்கச் செய்கின்றது. கடிபட்டவர் ஒருபுறம், நாயைப் பிரிய மனமில்லாதார் ஒருபுறம் என, நேற்றுவரை உறவாயிருந்த அயலார் இன்று பகைவராகின்றனர்.

இதற்கு மக்கள் கூறும் தீர்வு இரண்டு. "அடித்துப் பணிய வை" என்பது ஒன்று. "எங்கேனும் கொண்டுபோய் விட்டுவிடு" என்பது மற்றொன்று. இவ்விரண்டும் தவறு என்பதும், இவற்றினும் நல்ல வழி ஒன்று உண்டு என்பதுமே இப்பாடத்தின் சாரம்.

1. காரணம் காணுதல்

காரணமின்றிக் காரியம் இல்லை என்பது நாம் கற்ற முதற்பாடம். ஜாதகக் கதைகளுள் குக்குர ஜாதகம் என்பது ஒன்று. காசியரசனின் தேரில் பூட்டியிருந்த தோல்வார்களை நாய்கள் கடித்துத் தின்றுவிட்டன. அரசன் ஆராயாது, நகரத்து நாய்களையெல்லாம் கொல்லுமாறு ஆணையிட்டான். அரண்மனை நாய்களுக்கு மட்டும் விலக்கு அளித்தான். அப்போது நாயாய்ப் பிறந்திருந்த போதிசத்துவர் அரசனை அணுகி, அரண்மனை நாய்களுக்கு மோரும் தருப்பைப் புல்லும் கொடுக்கச் செய்தார். அவை கக்கியது தோலே. குற்றம் எங்கிருந்தது என்பது வெளிப்பட்டது. தண்டிக்குமுன் ஆராய்க என்பதே இக்கதை தரும் படிப்பினை.

தறியில் இழை அறுந்தால் நெசவாளி தறியை அடிப்பதில்லை. நிறுத்துகிறான், எங்கே சிக்கல் எனத் தேடுகிறான். நாயிடத்தும் அவ்வாறே செய்தல் வேண்டும்.

நாய் சீறுவதற்குப் பெருங்காரணம் வீரமன்று, அச்சமே. நாய்க்குட்டி பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ பதினான்காம் வாரம் வரை உலகைப் பழகிக்கொள்ளும் பருவம். அப்பருவத்தில் பல மனிதரையும், குடை, சைக்கிள் முதலியவற்றையும் நல்ல முறையில் கண்ட குட்டி, பின்னர் அவற்றைக் கண்டு மிரளுவது குறைவு. மூலையில் கட்டியே வளர்த்த குட்டிக்குப் புதியவர் எல்லோரும் பகைவராகத் தோன்றுவர். இரண்டாவது காரணம் நோவு. காதில் புண், பல்லில் சீழ், மூட்டில் வலி உள்ள நாய், தொட வருபவரைக் கடிக்கும். சாதுவாயிருந்த நாய் திடீரெனக் குணம் மாறினால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுக. அது வெறிநோயாகவும் இருக்கக்கூடும் என்பதை மறவற்க. உணவைக் காத்தல், குட்டிகளைக் காத்தல், தன் வாயிலைக் காத்தல் ஆகியவை ஏனைய காரணங்கள்.

குட்டைச் சங்கிலியும் ஒரு காரணமே. கட்டுண்ட நாய் அஞ்சினால் ஓட இயலாது. எஞ்சியிருப்பது பல் ஒன்றே. "எங்கள் நாய் எவரையும் அண்டவிடாது" எனப் பெருமை பேசுவோர், அந்நாயின் அச்சத்தையே தம் பெருமையாக அணிந்துகொள்கின்றனர்.

2. அடித்தல் ஏன் தீங்காகும்?

நாய் எடுத்த எடுப்பில் கடிப்பது அரிது. முதலில் உடல் விறைக்கும், முகத்தைத் திருப்பும், கண்ணின் வெண்மை தெரியும், உதடு சுருங்கும், பின் உறுமும். இவை யாவும் "விலகுக" என்று அது கூறும் சொற்கள். உறுமிய நாயை அடித்தால் அது உறுமாதிருக்கக் கற்கும். அச்சமோ அகலாது, தன்னை அடிக்கச் செய்தவர் இந்த அயலாரே என எண்ணி மேலும் வளரும். பின்னொரு நாள் உறுமாமலே கடிக்கும்.

ஆலையில் பாய்லர் அருகே பணிசெய்தோர் இதனை எளிதில் உணர்வர். அழுத்தம் மிகுந்தால் சேப்டி வால்வு திறந்து ஓசையிடும். ஓசை பொறுக்கவில்லை என்று வால்வைக் கட்டிவைப்பவன் அழுத்தத்தைக் குறைத்தவன் அல்லன், வெடிப்பை அழைத்தவன்.

3. முதற்கடமை: மக்களைக் காத்தல்

நாயைத் திருத்துதல் பல வாரப் பணி. அதுவரை ஒருவரும் கடிபடாதிருக்க வழி செய்தல் வேண்டும். அன்பு என்பது நாயிடம் மட்டும் காட்டுவதன்று. தெருவில் நடக்கும் குழந்தையிடமும் காட்டுவது.

வாயிற்படியில் கட்டாது, வீட்டின் உட்புறத்திலோ கொல்லையிலோ நாய்க்கு இடம் அமைக்கவும். வெளியே கொண்டு செல்கையில் உறுதியான வாரும், மூச்சுவிடவும் நீர் பருகவும் இடங்கொடுக்கும் வாய்க்கூடும் வேண்டும். வாய்க்கூட்டை வலிந்து மாட்டலாகாது. அதனுள் சிறிது உணவு தடவி, நாய் தானே மூக்கை நுழைக்குமாறு சில நாள் பழக்குக. சிறு குழந்தையையும் நாயையும் தனியே விட்டுச் செல்லற்க. நாய் உண்ணும்போதும், உறங்கும்போதும், குட்டிகளோடு இருக்கும்போதும் அணுகாதிருக்கவும், கல்லெறியாதிருக்கவும் பிள்ளைகளுக்குக் கற்பிக்க. நாய் எதிர்ப்பட்டால் ஓடாது, கூவாது, அதன் கண்ணை உற்றுநோக்காது, மரம்போல் நிற்கவும் பழக்குக.

4. மனத்தை மாற்றும் முறை

ருஷ்ய நாட்டு அறிஞர் பாவ்லாவ், 1904-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர். உணவுக்கு முன் ஓர் ஓசையைப் பலமுறை கேட்பித்தால், பின்னர் அவ்வோசை கேட்டதுமே நாயின் வாயில் நீர் ஊறுவதை அவர் காட்டினார். ஒன்றைத் தொடர்ந்து மற்றொன்று வருமாயின் முன்னதைக் கண்டவுடனே பின்னதை மனம் எதிர்நோக்கும். இவ்வுண்மையே நமக்குக் கருவி.

புதியவர் ஒருவர் தொலைவில் நிற்கட்டும். நாய் அவரைக் காணவேண்டும். ஆனால் குரைக்காத தொலைவாய் இருத்தல் வேண்டும். அவர் கண்ணில் பட்டவுடன் வேகவைத்த முட்டையோ இறைச்சியோ சிறு துண்டுகளாகக் கொடுக்க. அவர் மறைந்தவுடன் கொடுப்பதை நிறுத்துக. நாள்தோறும் சில நிமிடங்கள் இதனைச் செய்து வந்தால், புதியவரைக் கண்டதும் நாய் உங்கள் கையை ஆவலுடன் நோக்கத் தொடங்கும். அதன்பின் ஓர் அடி நெருங்கலாம். குரைத்தால் அத்தொலைவு மிகக் குறைவென்று பொருள், பின்வாங்குக, கடிந்துகொள்ளற்க. புதியவர் நாயைத் தடவ முயலக்கூடாது. வீட்டார் அனைவரும் ஒரே முறையைக் கையாளுதல் வேண்டும். ஒருவர் உணவளிக்க மற்றொருவர் உதைத்தால் பயனில்லை.

எல்லா நாய்களும் முழுதும் மாறும் என நாம் உறுதி கூறவில்லை. சிலவற்றை வாழ்நாள் முழுதும் வாரும் வாய்க்கூடுமாகவே காக்க நேரும். தெருவில் விட்டுவிடுதல் தீர்வாகாது. பசியை நாய்க்கும், கடியை அயலார்க்கும் பங்கிட்டுக் கொடுப்பதே ஆகும்.

5. கடி நேர்ந்தால்

காயத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவுக. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, எண்ணெய் முதலியவற்றைப் பூசற்க. அன்றே மருத்துவமனை செல்க. ஆழ்ந்த காயமாயின் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். ஊசிகளை மருத்துவர் குறித்த நாட்களில் தவறாது போட்டு முடிக்க. வயிற்றில் பதினான்கு ஊசி என்ற பழைய அச்சம் இனி வேண்டா. இன்று புயத்திலேயே போடுகின்றனர். கடித்த நாயைப் பத்து நாள் கவனித்து வருக. ஆயினும் அதற்காகச் சிகிச்சையைத் தாமதிக்கற்க. 1885-ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனைத் தம் ஊசியால் காத்தார். தென்னிந்தியாவில் குன்னூர்ப் பாஸ்டர் நிலையம் 1907-இல் தோன்றியது. அறிவியல் வழி திறந்து இத்தனை ஆண்டுகளாகியும், வெறிநோயின் குறி தோன்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது. ஆதலின் நாய்க்கு மூன்று மாத வயதில் தடுப்பூசி போட்டு, மருத்துவர் கூறியபடி தொடர்ந்து போட்டு வருதல் வளர்ப்போர் கடமை.

6. சட்டம் கூறுவது

தன் விலங்கால் மனித உயிர்க்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதவாறு தக்க காவல் செய்யாதவர்க்கு, 1-7-2024 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கின்றது. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், நியாயமற்ற குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டுவதையும், எப்போதும் கட்டிவைத்த நாயை நடமாட விடாதிருப்பதையும் குற்றமென்கின்றது. ஒரு சட்டம் மனிதனைக் காக்கின்றது. மற்றொன்று நாயைக் காக்கின்றது. இரண்டும் கேள்வி கேட்பது வளர்ப்பவரையே.

அன்பர்களே! உங்கள் தெருவில் இத்தகைய நாய் ஒன்று இருப்பின், சண்டையிடச் செல்லாது, இவ்விதழோடு அவ்வீட்டாரிடம் செல்லுங்கள். தொலைவில் நிற்கும் புதியவராக நாள்தோறும் பத்து நிமிடம் உதவ இசையுங்கள். அவ்வுதவியின்றி அவர்களால் தனித்து இதனைச் செய்தல் இயலாது.

கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்:

1. உறுமும் நாயை அடிப்பதால் விளையும் தீமை யாது?
2. நாயைத் திருத்தும் பணிக்கு முன் செய்யவேண்டியது யாது? ஏன்?
3. நம் தெருவில் தடுப்பூசி போடாத வளர்ப்பு நாய்கள் எத்தனை? அவற்றிற்கு ஊசி போட நாம் என்ன செய்யலாம்?