யவனர் மதுச்சாடி கற்பிக்கும் வணிகப் பாடம்



நமது வ.உ.சி. துறைமுகத்தில் கண்டெய்னர் வந்து இறங்கினால், உள்ளே இருக்கும் சரக்கைப் பார்ப்பதற்கு முன்பு சீல் நம்பரைச் சரிபார்க்கிறார்கள். சீல் உடைந்திருந்தால் சரக்கின் மேல் சந்தேகம் வந்துவிடுகிறது. இந்த வழக்கம் நேற்று வந்ததல்ல. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கத் தீவுகளின் திராட்சை மது முத்திரையோடுதான் கடல் கடந்தது. மது குடிக்கச் சொல்லி எழுதவில்லை; எனக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. அந்த வியாபாரத்தில் நமக்கு உள்ள பாடத்துக்காகவே எழுதுகிறேன்.

எகிப்தில் வாழ்ந்த கிரேக்க வியாபாரி ஒருவர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய பெரிப்ளூஸ் என்ற நூல், நமது கொற்கையைக் 'கொல்கி' என்று குறிப்பிட்டு, இங்கே நடந்த முத்துக்குளிப்பைச் சொல்கிறது. எந்தத் துறையில் எந்த மதுவுக்கு கிராக்கி என்பதையும் அவர் கவனித்திருக்கிறார். குஜராத்தின் பரூச்சில் இத்தாலிய மதுவைத்தான் முதலில் கேட்பார்களாம். முசிறியில் மது கொஞ்சமாகத்தான் இறங்குமாம். யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பற்றிப் புறநானூற்றின் 56ஆம் பாடலும் பேசுகிறது. பாடியவர் நக்கீரர், பாடப்பட்டவர் பாண்டிய மன்னர்.

இதற்குச் சாட்சி மண்ணுக்குள் கிடைத்தது. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினரும் தோண்டியபோது, ஆம்போரா எனப்படும் மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. இராமநாதபுரம் மாவட்டம் அழகன்குளத்திலும் அத்தகைய ஓடுகள் அகப்பட்டன.

அந்த ஓட்டை வைத்து எந்த ஊர் மது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஒவ்வொரு தீவும் தனக்கென ஒரு ஜாடி வடிவம் வைத்திருந்தது. கோஸ் தீவு ஜாடிக்கு இரண்டு உருளைகளை ஒட்டினாற்போன்ற கைப்பிடி. ரோட்ஸ் தீவு ஜாடியின் கைப்பிடிகளில் செய்தவர் பெயரும், அந்த ஆண்டுக்குரிய பூசாரியின் பெயரும் முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கும். ஊர், ஆள், ஆண்டு மூன்றும் ஜாடியிலேயே தெரிந்துவிடும். தாசோஸ் தீவில் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டி வைத்த சட்டம் உண்டு. மதுவில் தண்ணீர் கலந்தால் தண்டனை. ஜாடியைத் திறந்து சில்லறையாக அளந்து விற்றாலும் அதே தண்டனை.

நல்ல பேர் எடுத்த சரக்குக்குப் போலி வராமல் இருக்குமா? கோஸ் மதுவில் கடல்நீர் சேர்ப்பது வழக்கம். அதுதான் அதன் தனிச்சுவை. அதை இத்தாலியிலேயே தயாரிக்கும் முறையை ரோமானியரான கேட்டோ கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் எழுதி வைத்தார். பிறகு அதே இரட்டைக் கைப்பிடியோடு இத்தாலியில் ஜாடிகளும் செய்தார்கள். எல்லாமே மோசடி என்று சொல்ல முடியாது. ஆனால் வடிவத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர் ஏமாற இடமுண்டு. இன்றைய ஆய்வாளர்கள் அதைப் பிரித்தறிவது களிமண்ணை வைத்து. வெசூவியஸ் எரிமலைப் பக்கத்து ஜாடியில் கருமணல் துகள் இருக்கும். கைப்பிடியைக் காப்பியடிக்கலாம், மண்ணைக் காப்பியடிக்க முடியாது.

இதை நான் காசு கொடுத்துக் கற்றவன். 1987இல் ஒரு தரகர் பேச்சை நம்பி, உடன்குடிக் கருப்பட்டி என்று நாற்பது பெட்டி எடுத்தேன். ஓலைப்பெட்டியும் கட்டும் அசல் உடன்குடி மாதிரியே இருந்தன. மதுரைக் கடைக்காரர் ஒருவர் மூன்றாம் வாரம் திருப்பி அனுப்பிவிட்டார். அத்தனையும் சீனிப்பாகு கலந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் "அண்ணாச்சி, உங்க பேரைப் பார்த்துத்தானே வாங்கினேன்" என்று அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் மறுபடி என் கடைக்கு வர நான்கு வருடம் ஆயிற்று. அதன்பிறகு காய்ச்சும் இடத்துக்கே போய், உடைத்து, வாயில் போட்டுப் பார்த்துத்தான் கொள்முதல் செய்கிறேன்.

இன்று அரிய மது சேகரிப்பவர்கள் ஒரு பாட்டிலுக்குப் பெருந்தொகை கொடுக்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்பது எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, இதுவரை யார் கையில் இருந்தது என்பதுதான். கிரேக்கத்தின் சாண்டோரினித் தீவில் எரிமலை மண்ணில், காற்றுக்கு ஒடுங்கிக் கூடைபோல் சுருட்டி வளர்க்கும் கொடியிலிருந்து வரும் மதுவுக்கு அந்தப் பெயரை ஐரோப்பியச் சட்டம் காக்கிறது. நமக்கும் 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் இருக்கிறது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் அந்தக் குறியீடு கிடைத்தது. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கும் பிறகு கிடைத்தது.

சட்டம் பெயரைக் காக்கும். பெட்டிக்குள் இருப்பதை வியாபாரிதான் காக்க வேண்டும். ஆகவே ஊர்ப்பெயர் சொல்லி விற்கும் சரக்கு எதுவானாலும், யாரிடம், எந்தத் தேதியில், எந்த ஊரில் வாங்கினோம் என்று சிட்டையில் எழுதி வைப்போம். வாடிக்கையாளர் கேட்டால் எடுத்துக் காட்டுவோம். ரோட்ஸ் தீவுக்காரன் கைப்பிடியில் குத்தியதும் அதைத்தானே!