கஞ்சா எண்ணெய் வேண்டாம்... வலிக்கு மாத்திரை இருக்கிறது!

'அமெரிக்காவில் கான்சர் வலிக்கு கஞ்சா எண்ணெய் தர்றாங்களாமே! ஒரு கார்டு எடுத்துட்டா போதுமாம். நம்ம பக்கம் அந்த கார்டை எங்கே வாங்கறது?' திருவாலங்காடு, மணவூர் பக்கத்து வீடுகளில்கூட இப்படிக் கேட்கும் காலம் வந்துவிட்டது. வீட்டில் ஒருவர் ராத்திரியெல்லாம் வலியில் முனகும்போது எதைக் கேள்விப்பட்டாலும் மனசு அங்கே ஓடத்தானே செய்யும்?

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் அப்படி ஒரு கார்டே கிடையாது. யாராவது 'நான் எடுத்துத் தர்றேன்' என்று பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

அமெரிக்காவில் 1996-ல் கலிபோர்னியா மாநிலம்தான் இதற்கு முதலில் வழி திறந்தது. அங்கே டாக்டர் மருந்துச் சீட்டு எழுதுவதில்லை. 'இவருக்கு இன்ன நோய் இருக்கிறது' என்று சான்று மட்டும் தருவார். கான்சர், வலிப்பு என்று பல மாநிலங்களில் ஒரு பட்டியல் உண்டு. அதில் உங்கள் நோய் இருந்தால் கார்டு. அந்த கார்டுக்கு மீனம்பாக்கத்தில் இறங்கியதும் மதிப்பு போய்விடும். அங்கிருந்து பாட்டிலைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதும், தபாலில் வரவழைப்பதும் இங்கே குற்றம்.

இங்கே 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இருக்கிறது. கஞ்சா என்று அது சொல்வது செடியின் பூக்கும் நுனியை. பிசினுக்கு சரஸ் என்று பெயர். கஞ்சாவில் 1 கிலோ வரை 'சிறிய அளவு'தான். ஆனால் அதற்கே ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்! ஆந்திர எல்லைக்குப் பக்கத்து ஊர் என்பதால் 'அந்தப் பக்கத்திலிருந்து வாங்கித் தர்றேங்க' என்று யாராவது முன்வரலாம். நல்ல மனசோடுகூட சொல்லலாம். 'நோயாளிக்குத்தான் சார்' என்றால் வழக்கு இல்லாமல் போய்விடாது.

சித்த மருத்துவத்தில் கஞ்சா உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் அது மருந்துச் சட்ட விதிகளில் நச்சுப் பொருள் பட்டியலில் இருப்பது. உரிமம் பெற்றவர்கள் தயாரித்து, வைத்தியர் மேற்பார்வையில் மட்டும் சாப்பிட வேண்டியது. சந்தையில் வாங்கும் பொட்டலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அதன் மருத்துவ குணம்தான் என்ன? சில அரிய வகைக் குழந்தை வலிப்புகளுக்கு, செடியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு மருந்தை 2018-ல் அமெரிக்க அரசு ஏற்றது. கீமோதெரபி வாந்திக்கும் அந்த வகை மாத்திரை உண்டு. கான்சரை அது குணமாக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. கடும் வலிக்கு அதைவிட நம்பகமான மருந்து இங்கேயே இருக்கிறது... மார்ஃபின்!

பெயரைக் கேட்டதும் பயந்துவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே கடும் கான்சர் வலிக்கு இதைத்தான் சொன்னது. ஆனால் நம் 1985 சட்டத்தின் கெடுபிடியில் நாலைந்து லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்ததால், பல ஆஸ்பத்திரிகள் வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. அபின் விளையும் நாட்டில் நோயாளிக்கு மாத்திரை இல்லை! 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின் உள்ளிட்ட 6 மருந்துகளுக்கு, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அங்கீகாரம் பெற்றாலே ஆஸ்பத்திரிக்குப் போதும். அங்கீகாரம் தேவைப்படுவது ஆஸ்பத்திரிக்குத்தான். உங்களுக்கு கார்டு வேண்டாம்; பயிற்சி பெற்ற டாக்டர் பார்த்து எழுதினால் சரி.

திருவாலங்காட்டுக்காரர்கள் அரக்கோணம் போய் ரயில் மாறினால் காஞ்சிபுரம். அங்கே காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சென்னைப் பக்கம் என்றால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, அடையாறு கான்சர் இன்ஸ்டிடியூட். பயாப்ஸி ரிப்போர்ட், பழைய சீட்டுகள், இப்போது சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய், 'வலி சிகிச்சைப் பிரிவு எங்கே?' என்று வாய் விட்டுக் கேளுங்கள். வலி எங்கே, எப்போது கூடுகிறது, பத்துக்கு எத்தனை என்று இரண்டு நாள் குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்கு பாதி வேலை முடிந்தது. படுத்த படுக்கையாக இருப்பவரா? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் வலி நிவாரண சேவையும் சேர்க்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் விசாரியுங்கள்.

'பழக்கமாகிவிடுமே டாக்டர்?' எல்லா வீட்டிலும் வரும் கேள்வி இது. டாக்டர் சொன்ன அளவில் வலிக்காகச் சாப்பிடும் கான்சர் நோயாளி அடிமையாவது அபூர்வம். சாதாரண மாத்திரையின் சக்தி ஏறக்குறைய 4 மணி நேரம்தான். வலி வந்த பிறகு தேடாமல் மணி பார்த்துக் கொடுங்கள். முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், போய்விடும். போகாதது மலச்சிக்கல்! முதல் நாளே பேதி மருந்தும் எழுதித் தரச் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மறைக்காதீர்கள். தூக்க மாத்திரை, மது கூடவே கூடாது. திடீரென்று நிறுத்தவும் கூடாது. எழுப்பியும் எழாமல், மூச்சு மெதுவாகிவிட்டால் உடனே 108.

மாத்திரையைப் பீரோவில் பூட்டி வையுங்கள். மீந்ததை பக்கத்து வீட்டு முதுகுவலிக்குக் கொடுக்காமல், வாங்கிய ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.