சம்பளம் கொடுத்தால் மட்டும் போதுமா?

 

பழவேற்காட்டிலிருந்தும் சுற்றியுள்ள மீனவ கிராமங்களிலிருந்தும் எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். கைக்கு வரும் தொகையைச் சொல்வார்கள். ஓவர்டைம் எவ்வளவு, பிஎஃப் பிடித்தது எவ்வளவு என்றால் பதில் இருக்காது. காரணம், சம்பளச் சீட்டு கையில் இல்லை.

வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். கூலி எவ்வளவு என்று தெரிவிக்காமல் ஆளை வேலைக்கு வைப்பதைத் தடுத்த அறிவிப்பும் உண்டு. அதை நாம் குறைவாகவே பேசுகிறோம். மூஸா (அலை) அவர்கள் மத்யனில் வேலைக்குச் சேர்ந்தபோது எட்டு ஆண்டு, விரும்பினால் பத்து ஆண்டு என்று தவணை முன்பே பேசி முடிக்கப்பட்டது. அல்பகரா 282ஆம் வசனம் தவணைக் கடனை, சிறிதோ பெரிதோ, சலிக்காமல் எழுதி வைக்கச் சொல்கிறது. மாதம் முழுக்க உழைத்தவனுக்கு முதலாளி தர வேண்டியதும் கடன்தானே? நம் ஏரியிலேயே பாருங்கள். பாடு முறையில் யாருடைய வலை எந்த நாள், எந்த இடத்தில் என்பதில் குழப்பம் வரவிடுவதில்லை. கூலிக் கணக்கு மட்டும் ஏன் வாய்ப்பேச்சில் நிற்க வேண்டும்?

நாட்டின் சட்டமும் இதையே கேட்கிறது. 2019இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதன் 50ஆம் பிரிவுப்படி ஊதியச் சீட்டு கொடுப்பது முதலாளியின் கடமை. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும். பிடித்தங்கள் எல்லாம் சேர்ந்து பாதியைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தக்காரர் சம்பளம் தராமல் போனால், யாருடைய நிறுவனத்தில் வேலை செய்தீர்களோ அவர் பொறுப்பேற்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்று 59ஆம் பிரிவு. சம்பளம் வரவில்லை என்று நீங்கள் மனு கொடுத்தால், கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பாரம் முதலாளி மேல்தான். ஆகவே 'என்னிடம் சீட்டே இல்லை, எப்படிக் கேட்பது' என்று ஒதுங்க வேண்டியதில்லை. மூன்று ஆண்டுகள் வரை மனு கொடுக்கலாம்.

ஆனால் அந்த வேலையில் இருந்தீர்கள் என்பதையாவது காட்ட வேண்டும் அல்லவா? அடையாள அட்டை, கேட் பாஸ், வங்கிப் பாஸ்புக், மேஸ்திரி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, எதையும் அழிக்காதீர்கள். போன நாளையும் ஓவர்டைமையும் அன்றன்றே ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பிஎஃப் கட்டுகிறார்களா என்பதை உமங் செயலியில் நீங்களே பார்க்கலாம். சீட்டை வாயால் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள். தரவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கிறது. அது வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். அதனால்தான் ஒருவர் தனியாகப் போகாமல், நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்திட்டுக் கேளுங்கள் என்கிறேன்.

படகில் பங்குக்குப் போகிறவர் விஷயம் வேறு. அது கூலி அல்ல, கூட்டு. ஆனாலும் மீன் என்ன விலைக்குப் போனது, டீசலுக்கும் ஐஸுக்கும் எவ்வளவு கழித்தார்கள் என்று கேட்கும் உரிமை பங்காளிக்கு உண்டு.

இந்தச் சபையில் கடை வைத்திருப்பவர்களும் இறால் ஷெட்டுக்காரர்களும் இருக்கிறீர்கள். குகையில் சிக்கிய மூவரின் ஹதீஸை நினைத்துப் பாருங்கள். கூலியை வாங்காமல் போனவனின் பங்கைத் தொழிலில் போட்டுப் பெருக்கி, அவன் திரும்பி வந்தபோது முழுவதையும் கொடுத்தாரே ஒருவர், எது அவனுடையது என்பதை அத்தனை காலம் அவர் மறக்கவில்லை. உங்களுக்குக் கம்ப்யூட்டர் பில்கூடத் தேவையில்லை. கார்பன் வைத்த ரசீதுப் புத்தகத்தில் நாள் எத்தனை, கூலி எவ்வளவு, அட்வான்ஸில் பிடித்தது, மீதிப் பாக்கி என்று எழுதுங்கள். ஒரு தாளைக் கிழித்து அவர் கையில் கொடுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டிவிட்டுக் கொடுங்கள்.