வாய்ப்பை எடைபோடுதல்

நுழையும்முன்

‘விரும்பும் படிப்பில் இடம் கிடைக்குமா?’ என்னும் வினா மேல்நிலை வகுப்பு மாணவர் அனைவர் மனத்திலும் எழுகிறது. ஆசை மிகுந்தோர் ‘கிடைக்கும்’ என்கின்றனர். அச்சம் மிகுந்தோர் ‘கிடைக்காது’ என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகின்றனர். இவை இரண்டும் கணக்கிட்டுப் பெற்ற விடைகள் அல்ல. கணக்கிட்டு விடைகாணும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

சாலையின் மறுமுனை

பாடியிலிருந்து அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர், திருத்தணி வழியே செல்லும் நெடுஞ்சாலை திருப்பதியை அடைகிறது. மலைக்கோயிலுக்குச் செல்லும் வழியாகவே இதனைப் பலரும் அறிவர். அத்திருப்பதிப் பகுதியில்தான், 2015ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. ‘ஐசர்’ எனப்படும் இத்தகைய நிறுவனங்கள் நாட்டில் 7 உள்ளன. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பயின்றோர் இங்கு ஐந்தாண்டு ஒருங்கிணைந்த இளநிலை–முதுநிலைப் பட்டம் பெறலாம். இடங்கள் குறைவு, விழைவோர் மிகுதி. இத்தகைய படிப்பில் சேரும் வாய்ப்பை எவ்வாறு மதிப்பிடுவது?

திருக்குறளின் ‘வலியறிதல்’ அதிகாரம், ஒரு செயலில் இறங்குமுன் நான்கினை எடைபோடச் சொல்கிறது. அவை செயலின் கடினம், தன் ஆற்றல், எதிர்நிற்போர் ஆற்றல், உடன்நிற்போர் ஆற்றல் என்பன. அரசர்க்குச் சொன்ன அம்முறை மாணவர்க்கும் பொருந்தும்.

செயலின் கடினம்

தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு 2007ஆம் ஆண்டு முதல் மாநில நுழைவுத்தேர்வு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பின் கணித மதிப்பெண் 100க்கும், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்கள் தலா 50க்கும் கொள்ளப்பட்டு, 200க்குக் ‘கட்-ஆஃப்’ கணக்கிடப்படுகிறது. கணிதம் 92, இயற்பியல் 88, வேதியியல் 90 பெற்ற மாணவியின் கட்-ஆஃப் 92 + 44 + 45 = 181 ஆகும். இதனை 185 ஆக உயர்த்தக் கணிதத்தில் 4 மதிப்பெண் போதும். இயற்பியலில் மட்டும் உயர்த்துவதாயின் 8 மதிப்பெண் வேண்டும்.

ஐசர் சேர்க்கையில் இக்கணக்கு செல்லாது. அங்குப் பள்ளி மதிப்பெண் தகுதிக்கு உரியது. இடத்தை முடிவுசெய்வது ‘ஐஏடி’ என்னும் தனித்தேர்வு. உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் ஒவ்வொன்றிலும் 15 என 60 வினாக்கள். மொத்த மதிப்பெண் 240. பதினோராம் வகுப்புப் பாடங்களும் இதில் இடம்பெறும். எனவே, பொதுத்தேர்வில் 181 கட்-ஆஃப் பெறுபவர் இத்தேர்விலும் அதே இடத்தில் நிற்பார் என்று கொள்ள இயலாது. கணினி அறிவியல் பிரிவில் பயில்பவருக்கு உயிரியல் வினாக்கள் கடினமாகலாம் என்பதும் எடைபோடத் தக்கது.

தன் ஆற்றல்

ஒரு நாள் பெற்ற உயர்ந்த மதிப்பெண் ஒருவரது ஆற்றலைக் காட்டாது. நேரம் வகுத்துக்கொண்டு எழுதிய பல மாதிரித் தேர்வுகளின் சராசரியே அதனைக் காட்டும். ஐஏடி தேர்வில் சரியான விடைக்கு 4 மதிப்பெண் உண்டு. தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிக்கப்படும். 30 வினாக்களுக்குச் சரியாக விடையளித்து, 10 வினாக்களில் தவறினால் 110 கிடைக்கும். 20 வினாக்களில் தவறினால் 100 மட்டுமே கிடைக்கும். ஆதலால் எத்தனை வினாக்களுக்கு விடையளித்தோம் என்பதோடு, எத்தனை வினாக்களில் தவறினோம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எதிர்நிற்போர்

சென்ற ஆண்டின் இறுதித் தரவரிசை எண் இவ்வாண்டுக்கான எல்லைக்கோடு அன்று. இடங்களின் எண்ணிக்கை, எழுதுவோர் தொகை, வினாத்தாளின் கடினம் ஆகியவற்றுக்கேற்ப அது ஏறும், இறங்கும். ஆகவே, ஓராண்டு எண்ணைக் கண்டு மகிழ்தலும் மனந்தளர்தலும் பிழை. மூன்று ஆண்டுகளின் எண்களை ஒப்பிட்டு, அவை எந்த எல்லைக்குள் அமைகின்றன என்று காண்பதே முறை.

உடன்நிற்போர்

6 முதல் 12ஆம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பயின்றோர்க்கு, மாநிலப் பொறியியல் கலந்தாய்வில் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. ஐசர் மத்திய அரசு நிறுவனமாதலின் அவ்வொதுக்கீடு அங்கு இல்லை. ஆனால், இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்க்கு 27, பட்டியல் சாதியினர்க்கு 15, பழங்குடியினர்க்கு 7.5 விழுக்காடு உண்டு. மாநிலத்தில் ‘பிற்படுத்தப்பட்டோர்’ என வழங்கும் சான்றிதழ் மட்டும் இங்குப் போதாது. மத்திய அரசின் படிவத்தில், வருமான வரம்புக்கு உட்பட்டவர் எனக் காட்டும் தனிச் சான்றிதழ் வேண்டும். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டங்களில் வாழ்வோர் இ-சேவை மையம் வழியே இதற்கு உரிய காலத்தில் விண்ணப்பித்தல் நலம். மதிப்பெண் இருந்தும் ஒரு தாள் இல்லாமையால் உரிமை இழக்க நேரும்.

முடிவுரை

எடைபோட்டபின் வாய்ப்பு குறைவெனத் தோன்றினும் விண்ணப்பிக்கலாம். ஆனால், அதனை மட்டுமே நம்பியிருத்தல் கூடாது. மாநிலக் கலந்தாய்வு, கலை அறிவியல் கல்லூரி ஆகியவற்றுக்கும் விண்ணப்பித்தல் வேண்டும். இளநிலை அறிவியல் முடித்தபின் ‘ஜாம்’ தேர்வெழுதி ஐஐடிகளில் முதுநிலை பயிலும் வழியும் திறந்தே உள்ளது. பதினேழு வயதில் கிட்டாத இடம் இருபது வயதில் கிட்டலாம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் கடைசி மூன்று தேர்வுகளின் கட்-ஆஃப் மதிப்பெண்ணைக் கணக்கிட்டு அட்டவணைப்படுத்துக.
2. நீங்கள் விரும்பும் படிப்பு ஒன்றினை இந்நான்கு வகையாலும் எடைபோட்டு, ஒரு பக்க அளவில் எழுதி வகுப்பில் படித்துக்காட்டுக.