வெளியிடுவதா, மறைப்பதா?

அறிவு உலகின் பொதுச் சொத்து. அதற்குப் பூட்டுப் போடலாகாது என்பது விஞ்ஞானத்தின் பழைய அறம். ஒருவர் கண்டதை எழுதி வெளியிடுகிறார். மற்றவர் சோதித்துப் பிழை திருத்துகிறார். விஞ்ஞானம் வளர்ந்த வழி இதுவே. ஆனால், கண்ட உண்மை பேரழிவுக்கும் வழிகாட்டுமானால் என் செய்வது? நம் சங்கத்து நண்பர்கள் பலர் விரைவில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதப் போகிறவர்கள். ஆகவே இது நமக்கும் உரிய கேள்வியே.

பௌதிகம் பயிலும் எனக்கு 1939ஆம் ஆண்டின் வரலாறு இதில் நல்ல பாடமாகத் தோன்றுகிறது. யுரேனியத்தை நியூட்ரானால் தாக்கியபோது பேரியம் கிடைத்தது என்று ஜெர்மனியில் ஹானும் ஸ்டிராஸ்மனும் அவ்வாண்டு ஜனவரியில் வெளியிட்டனர். அணு இரண்டாகப் பிளந்ததே காரணம் என்று மைட்னரும் ஃபிரிஷும் விளக்கினர். அப்பிளவில் புதிய நியூட்ரான்கள் பிறந்தால், அவை மேலும் பல அணுக்களைப் பிளக்கும். இந்தத் தொடர்வினையே அணுகுண்டின் அடிப்படை.

ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி அமெரிக்கா சேர்ந்திருந்த லியோ சிலார்டு இந்த ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்தார். இம்முடிவுகளை வெளியிடாமல் வைத்திருப்பது பற்றிப் பாரிஸிலிருந்த பிரெடெரிக் ஜோலியோவுக்குப் பிப்ரவரியில் கடிதம் எழுதினார். ஆயினும் ஜோலியோ குழுவினர், புதிய நியூட்ரான்கள் பிறக்கின்றன என்பதை மார்ச்சில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். மீண்டும் வேண்டியபோது, யோசனை நியாயமானதே, ஆனால் காலம் கடந்துவிட்டது என்று ஜோலியோ தந்தி அடித்தார். இத்துறைச் செய்தி அமெரிக்கப் பத்திரிகைகளுக்கே எட்டிவிட்டது என்பது அவர் காட்டிய காரணம். ஏப்ரல் 22இல், ஒரு பிளவுக்குச் சராசரி 3.5 நியூட்ரான்கள் என்ற அவர்கள் கணக்கும் அச்சேறியது. இரண்டே நாளில் ஹாம்பர்க் நகரின் ஹார்டெக்கும் குரோத்தும், அணுவிலிருந்து புதிய வெடிபொருள் செய்யலாம் என்று ஜெர்மன் இராணுவத்துறைக்கு எழுதினர்.

அப்படியானால் மறைத்திருந்தால் போதுமே என்று தோன்றலாம். அதுவும் நடந்து பார்த்ததுதான். 1940 முதல் அமெரிக்க விஞ்ஞானிகள் இத்துறைக் கட்டுரைகளைத் தாமே நிறுத்தி வைத்தனர். 1942இல் பிளெரோவ் என்ற இளம் ரஷ்ய விஞ்ஞானி, வொரோனெஷ் நகர நூலகத்தில் வெளிநாட்டு இதழ்களைப் புரட்டினார். அணுப்பிளவைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அங்கே இரகசியமாகக் குண்டு செய்கிறார்கள் என்று ஊகித்து, ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினார். மௌனமும் செய்தி சொல்லிவிட்டது!

வெளியிட்டாலும் ஆபத்து, மறைத்தாலும் முழுக் காப்பு இல்லை. பின் எதுதான் வழி? கட்டுரை எழுதி முடித்த பிறகு இக்கேள்வியைக் கேட்பதே குறை என்பது என் கருத்து. 2011இல் பறவைக் காய்ச்சல் கிருமியைப் பாலூட்டிகளிடையே காற்றின் வழியே பரவுமாறு மாற்றிய இரு ஆராய்ச்சிகளிலும் இதுவே நேர்ந்தது. முக்கிய விவரங்களை வெளியிட வேண்டாம் என்று அமெரிக்க ஆலோசனைக் குழு முதலில் கூறியது. பல மாத வாதத்துக்குப் பின் 2012இல் இரண்டுமே வெளிவந்தன.

இதற்கு மாறான முன்மாதிரியும் உண்டு. ஓர் உயிரின் மரபுக்கூற்றை மற்றோர் உயிரில் இணைக்கும் கலை புதிதாகப் பிறந்தபோது, பால் பெர்க் முதலியோர் 1974இல் சில சோதனைகளைத் தாமாகவே நிறுத்தி வைக்கக் கோரினர். அடுத்த ஆண்டு கலிபோர்னியாவின் அசிலோமரில் ஏறத்தாழ 140 பேர் கூடிப் பாதுகாப்பு விதிகளை வகுத்தனர். அதன் பின் ஆராய்ச்சி தொடர்ந்தது, வெளியீடும் தொடர்ந்தது. சுதந்திரம் குன்றவில்லை.

முடிவு இன்னதென்று முன்பே எவர் அறிவார் என்று நண்பர்கள் கேட்கலாம். உண்மைதான், ஹான் அணுவைப் பிளக்க நினைத்துத் தொடங்கவில்லை. அதனால்தான் ஒருமுறை கேட்டால் போதாது என்கிறேன்; ஒவ்வொரு படியிலும் கேட்க வேண்டும். முதற்கட்டுரையில் பெயர் அச்சேற வேண்டும், பிறர் முந்திவிடக் கூடாது என்ற ஆவல் எனக்கும் உண்டு. அந்த ஆவல் முற்றிய வேளையில் மனம் நடுநிலையில் நில்லாது. சோதனையைத் திட்டமிடும் நாளிலேயே, “இது தீயவர் கையில் சேர்ந்தால் என்ன ஆகும்?” என்று குறிப்பேட்டில் எழுதுவோம், பேராசிரியரோடும் தோழரோடும் வாதிப்போம். விடை மாறும்போது வேலையை நிறுத்தி மறுபடி யோசிக்கும் துணிவும் நமக்கு வேண்டும்.